பிள்ளைகளின் தோள் மூட்டு விலகினால்: விழுந்த நொடி முதல் மறுபடி களமிறங்கும் நாள் வரை

கபடியில் பாடிப் போன பையன் நீட்டிய கையோடு மாட்டிக்கொள்கிறான்; நாலு பேர் மேலே விழுகிறார்கள். எழுந்து நிற்கும்போது ஒரு கையை மறு கையால் தாங்கியபடி முகம் வெளுத்துப் போயிருக்கிறான். “தோள்பட்டை இறங்கிடுச்சு” என்று ஒருவர் சொல்ல, “நான் இழுத்துப் போட்டுடறேன்” என்று இன்னொருவர் முன்வருவார். இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும், அந்த இன்னொருவரைத் தடுக்க மட்டும் மறக்க வேண்டாம். வளரும் பிள்ளைக்கு மூட்டு விலகியிருக்கிறதா, எலும்பின் வளர்ச்சித் தட்டு (முனையில் எலும்பு நீளமாக வளரும் மென்மையான பகுதி) முறிந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முறிந்த எலும்பைப் பிடித்து இழுத்தால், தானே கூடியிருக்க வேண்டிய முறிவு இன்னும் விலகும். பக்கத்தில் ஓடும் நரம்பும் ரத்தக் குழாயும் சிக்கும்.

முதலில் வயதைப் பாருங்கள்

தோளைப் பந்து கிண்ண மூட்டு என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மையில் அங்கே கிண்ணம் என்று சொல்லும் அளவுக்கு ஆழம் இல்லை. மேற்கை எலும்பின் பெரிய உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பில் உள்ள சிறு தட்டு ஒன்றின்மேல் சாய்ந்திருக்கிறது. எந்த நிலையிலும் அந்தத் தலையின் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் தட்டைத் தொடும். தட்டின் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையம், மூட்டு உறை, இணைப்பு நார்கள், தசைகள் எல்லாம் சேர்ந்துதான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. கை இத்தனை திசையில் சுழல்வதும், சட்டென்று கழல்வதும் இதனால்தான்.

இந்தப் பிடிமானத்தில் எது முதலில் விட்டுக்கொடுக்கும் என்பது வயதுக்கு வயது மாறும்.

5 வயதுக்கு உட்பட்ட குழந்தை, யாராவது கையைப் பிடித்துத் தூக்கிய பிறகோ வெடுக்கென்று இழுத்த பிறகோ கையை அசைக்காமல் தொங்கவிட்டிருந்தால், அது பெரும்பாலும் தோள் அல்ல, முழங்கை. முன்கையின் ஆரை எலும்பின் தலை அதைச் சுற்றிய நாரிலிருந்து நழுவியிருக்கும். வீக்கம் இருக்காது, முழங்கை லேசாக மடங்கி, உள்ளங்கை உடலைப் பார்த்திருக்கும். மருத்துவர் முன்கையை ஒரு திருப்பு திருப்பிச் சில நொடிகளில் சரிசெய்துவிடுவார். பத்து நிமிடத்தில் குழந்தை பொம்மையை எடுக்கக் கை நீட்டும். ஆனால் விழுந்து அடிபட்டிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, எக்ஸ்ரே வேண்டும்.

5 முதல் 12 வயது வரை தோள் மூட்டு உண்மையாகவே விலகுவது அரிது. இந்த வயதில் மூட்டைக் கட்டியிருக்கும் நார்களைவிட வளர்ச்சித் தட்டு பலவீனமானது. பெரியவருக்கு மூட்டை விலக்கும் அதே அடி, சிறுவனுக்கு மேற்கை எலும்பின் மேல்முனைத் தட்டை உடைக்கும். எக்ஸ்ரே அறிக்கையில் ‘சால்டர் ஹாரிஸ் 1’ அல்லது ‘2’ என்று எழுதியிருப்பது இதைத்தான். வளர்ச்சித் தட்டு முறிவுகளுக்கு 1963-ல் வகுத்த வகைப்பாடு அது. இதில் நல்ல செய்தி உண்டு. மேற்கை எலும்பின் நீளத்தில் சுமார் 80 சதவீதம் இந்த மேல்தட்டிலிருந்துதான் வளர்கிறது. அதனால் கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் வளர வளர எலும்பு தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். பெரும்பாலான சிறுவர்களுக்கு 3 முதல் 4 வாரம் ஸ்லிங் (கையைத் தாங்கும் துணிக் கட்டு) போதும்.

13, 14 வயதைத் தாண்டும்போது நிலைமை மாறுகிறது. வளர்ச்சித் தட்டு கெட்டிப்பட்டு மூடத் தொடங்குகிறது: பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14 முதல் 17 வயதில், ஆண் பிள்ளைகளுக்கு 16 முதல் 18 வயதில். எலும்பு உறுதியாகிவிட்டதால் அடியின் வேகம் முழுவதும் மூட்டின் மேல் இறங்குகிறது. கபடி, கால்பந்து, வாலிபால், கிரிக்கெட்டில் பாய்ந்து விழுவது எல்லாம் சேர்வதும் இந்த வயதில்தான். இனி வருவது பெரும்பாலும் இவர்களைப் பற்றியது.

எப்படி அடையாளம் காண்பது

100-ல் 95 விலகல்கள் முன்பக்கமாகத்தான் நடக்கும். கை பக்கவாட்டில் உயர்ந்து வெளிப்பக்கம் திரும்பியிருக்கும்போது, பந்து எறிய ஓங்கிய கை போல, பின்னோக்கித் தள்ளப்பட்டால் எலும்பின் தலை முன்பக்கம் நழுவும். தோளின் உருண்டை வடிவம் போய், மூலை எடுத்தாற்போலச் சதுரமாகத் தெரியும். தோள் நுனிக்குக் கீழே பள்ளம், அக்குளுக்கு முன்னால் ஒரு மேடு. கை உடலை ஒட்டாமல் சற்று விலகியே நிற்கும். அடிபட்ட பக்கத்துக் கையால் எதிர்த் தோளைத் தொட முடியாது. இதைப் பிள்ளையே மெதுவாக முயன்று பார்க்கலாம்; நீங்கள் கையைப் பிடித்து நகர்த்தாதீர்கள்.

பின்பக்க விலகல் குறைவு. ஆனால் கண்ணுக்குத் தப்புவது அதுதான். வலிப்பு வந்து எழுந்த பிள்ளையோ மின்சாரம் தாக்கிய பிள்ளையோ தோள் வலி என்று சொல்லி, கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு, வெளிப்பக்கம் திருப்பவே முடியாமல் இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். தோளின் வடிவம் ஏறக்குறைய இயல்பாகவே தெரியும், நேர் எக்ஸ்ரேயும் ஏமாற்றும். பக்கவாட்டுப் படமும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

களத்தில் செய்ய வேண்டியது

1. ஆட்டத்தை நிறுத்தி, பிள்ளையை உட்கார வையுங்கள். தலையிலோ கழுத்திலோ அடி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கழுத்து வலித்தால் அசைக்காமல் படுத்த நிலையிலேயே வைத்து ஆம்புலன்ஸ் அழையுங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

2. கையை எந்த நிலையில் வைத்திருக்கிறானோ அந்த நிலையிலேயே தாங்குங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: ஸ்லிங் கட்ட வேண்டும் என்று கையை வலுக்கட்டாயமாக நெஞ்சோடு சேர்ப்பார்கள். விலகிய தோள் அதற்கு இடம் கொடுக்காது. சுருட்டிய துண்டையோ சிறு தலையணையையோ கைக்கும் விலாவுக்கும் நடுவே வைத்து அந்த இடைவெளியை நிரப்புங்கள்.

3. பிறகு துப்பட்டா அல்லது துண்டால் முன்கையைத் தாங்கி, எதிர்த் தோள் வழியாகக் கொண்டுபோய்க் கட்டுங்கள். முடிச்சு கழுத்து எலும்பின் மேல் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். கட்டு வலியைக் கூட்டினால் அவிழ்த்துவிடுங்கள்; தன் மறு கையால் தாங்கிக்கொள்வதே போதும்.

4. மோதிரம், கைக்கயிறு, வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். விரல்கள் வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

5. நகத்தை அழுத்தி விடுங்கள். 2 நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். மணிக்கட்டில் நாடி பாருங்கள். விரல்களை விரிக்கவும், கட்டைவிரலை உயர்த்தவும் சொல்லுங்கள். மேற்கையின் வெளிப்பக்கம், இடக்கையில் பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பு இருக்குமே அந்த இடத்தில், லேசாகத் தொட்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உணர்கிறானா என்று கேளுங்கள். அங்கே மரத்திருந்தால் அக்குள் நரம்பு இழுபட்டிருக்கிறது என்று பொருள். கை குளிர்ந்து வெளுத்து நாடி கிடைக்காமல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

6. ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். வெறும் தோலில் வைக்காதீர்கள். தைலம் தேய்ப்பது, நீவுவது, சூடு வைப்பது எதுவும் வேண்டாம்.

7. சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள். ஜூஸ், குளுக்கோஸ் தண்ணீர் கூட வேண்டாம். மூட்டை உள்ளே போட மயக்க மருந்து தேவைப்படலாம். வயிறு நிறைந்திருந்தால் அது தள்ளிப்போகும். கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்று நேரம் குறித்து வையுங்கள். மருத்துவமனை தூரமாக இருந்து வலி தாங்க முடியாவிட்டால், ஒவ்வாமையோ கல்லீரல் கோளாறோ இல்லாத 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 500 மி.கி. பாராசிட்டமால் ஒன்றை ஒரு வாய்த் தண்ணீரோடு கொடுக்கலாம். கொடுத்த நேரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் தசை இன்னும் இறுகும். ஆட்டோவானால் நல்ல கை பக்கம் சாய்ந்து உட்காரட்டும்.

புத்தூர் கட்டு போடுகிற இடத்துக்குப் போகலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: எக்ஸ்ரேயும் நரம்புப் பரிசோதனையும் முடியும் வரை யாரும் அந்தக் கையை இழுக்கவும் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றால் கையையே இழக்க நேரும். அதே சமயம், நாளைக்குப் பார்க்கலாம் என்றும் விடாதீர்கள். நேரம் கடக்கக் கடக்கத் தசை இறுகி, மூட்டை உள்ளே போடுவது கடினமாகும்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்

முதலில் நாடியும் உணர்ச்சியும் பார்ப்பார்கள். பிறகு குறைந்தது இரண்டு கோணங்களில் எக்ஸ்ரே. வளரும் பிள்ளையின் வளர்ச்சித் தட்டு கூடாரம் போல வளைந்திருப்பதால் படத்தில் இரண்டு கோடுகளாகத் தெரியும். அனுபவம் இல்லாதவர் அதை முறிவு என்று நினைப்பதும், முறிவை வெறும் கோடு என்று விடுவதும் நடக்கும். சந்தேகம் இருந்தால் மறு தோளையும் படமெடுத்து ஒப்பிடுவார்கள். பெற்றோர் இதைக் கேட்டுப் பெறுவதில் தவறில்லை.

மூட்டை உள்ளே போடப் பல முறைகள் உண்டு. அவை எல்லாவற்றுக்கும் பொதுவானது, வேகம் கூடாது என்பது. வலி மருந்தோ, மூட்டுக்குள் மரப்பு ஊசியோ, கண்காணிப்போடு மயக்க மருந்தோ கொடுத்துத் தசையைத் தளர்த்துவார்கள். அதிகம் பயன்படும் ஒரு முறையில் பிள்ளை மல்லாந்து படுத்திருக்க, முழங்கையை 90 டிகிரி மடக்கி உடலோடு வைத்து, முன்கையை மிக மெதுவாக வெளிப்பக்கம் திருப்புவார் மருத்துவர். வலிக்கும்போது நிறுத்தி, தசை தளர்ந்ததும் தொடர்வார். 5, 10 நிமிடம் ஆகலாம். சட்டென்று ஒரு ‘டக்’. வலி பாதிக்கு மேல் அந்த நொடியே போய்விடும். அக்குளில் காலை ஊன்றிக் கையை இழுக்கும் பழைய முறை நரம்பைப் பாதிக்கக்கூடியது. அதை இன்று தவிர்க்கிறார்கள். வளர்ச்சித் தட்டு முறிவும் சேர்ந்திருந்தால் அறுவை அரங்கில் முழு மயக்கத்தில் மட்டுமே செய்ய வேண்டும்.

உள்ளே போன பிறகு மறுபடி எக்ஸ்ரே, மறுபடி நரம்புச் சோதனை. இந்த இரண்டாவது சுற்றைத் தவறவிடாதீர்கள். முன்பு சரியாக இருந்த உணர்ச்சி இப்போது இல்லையென்றால் உடனே சொல்ல வேண்டும். அக்குள் நரம்பின் பாதிப்பு பெரும்பாலும் வெறும் இழுபாடுதான்; சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் திரும்பும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்று விவரங்கள் இருக்கட்டும்: முன்பக்கமா பின்பக்கமா, கிண்ண விளிம்பில் (மேலே தட்டு என்று சொன்னதைத்தான் கிண்ணம் என்பார்கள்) எலும்பு உடைந்திருக்கிறதா, மேற்கைத் தலையின் பின்புறம் பள்ளம் விழுந்திருக்கிறதா. பின்னால் அறுவை பற்றிய முடிவே இவற்றை வைத்துத்தான்.

எம்.ஆர்.ஐ. எதற்கு

மூட்டு நழுவும்போது கிண்ணத்தின் முன் விளிம்பில் உள்ள குருத்தெலும்பு வளையம் பிய்ந்து வரும். இதை 1923-ல் விவரித்த ஆங்கிலேய மருத்துவர் பாங்கார்ட்டின் பெயராலேயே அழைக்கிறார்கள். நழுவிய தலை கிண்ண விளிம்பில் மோதிப் பின்புறம் பள்ளம் விழுந்தால் அது ‘ஹில் சாக்ஸ்’, 1940-ல் அதைப் பதிவுசெய்த இரண்டு கதிர்ப்பட மருத்துவர்களின் பெயர்கள். 14 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு முதல் முறையே விலகியிருந்தாலும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது நல்லது. முதல் சில நாட்களுக்குள் எடுத்தால் ஒரு வசதி உண்டு: மூட்டுக்குள் கசிந்த ரத்தமே கிழிசலைத் துலக்கிக் காட்டும். தாமதமானால் மூட்டுக்குள் மருந்து செலுத்தி எடுக்க வேண்டியிருக்கலாம்.

ஸ்லிங் காலம்

ஒன்றிலிருந்து மூன்று வாரம். அதற்கு மேல் கட்டி வைத்தால் மறுபடி விலகாது என்பதற்கு ஆதாரம் இல்லை. மூட்டு இறுகித் தசை மெலிவதுதான் மிச்சம். வலி போய்விட்டது என்று நாலாம் நாளே கழற்றி எறிவதும் வேண்டாம்.

முழங்கை 90 டிகிரி, விரல்கள் முழங்கையைவிடச் சற்று உயரம். ஒரு நாளைக்கு 4, 5 முறை கழற்றி முழங்கை, மணிக்கட்டு, விரல்களை மடக்கி நீட்டச் செய்யுங்கள். குளிக்கும்போது இடுப்பை முன்னால் வளைத்துக் கை தானாகத் தொங்க விட்டால் அக்குளைக் கழுவித் துடைக்கலாம். நம் ஊர் வெயிலுக்கு அந்த இடம் இரண்டே நாளில் புண்ணாகிவிடும். பனியனைவிட முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை வசதி: போடும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது கடைசியில். இரவில் இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கட்டும். முழங்கைக்குப் பின்னால் ஒரு தலையணை இருந்தால் கை பின்னோக்கிச் சரியாது.

முதல் 6 வாரம் தவிர்க்க வேண்டிய நிலை ஒன்றுதான், ஆனால் அது பல வேடங்களில் வரும்: கை உயர்ந்து வெளிப்பக்கம் திரும்பிய நிலை. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்குவது, தலைக்குப் பின்னால் கைவைத்துப் படுப்பது, பின்னல் போட்டுக்கொள்வது, பின் சீட்டிலிருந்து பையை எடுக்கத் திரும்பிக் கை நீட்டுவது. ஸ்கூல் பையை எந்தத் தோளிலும் மாட்ட வேண்டாம். சைக்கிளும் வேண்டாம்.

பயிற்சி, வாரக் கணக்கில்

பிசியோதெரபிஸ்ட் பிள்ளையைப் பார்த்துத்தான் அளவை நிர்ணயிப்பார். பொதுவான போக்கு இது.

முதல் 3 வாரம்: மென்பந்தைப் பிசைதல், தோள்பட்டைகளை முதுகுப் பக்கம் ஒன்றாக இழுத்து 5 நொடி பிடித்தல், 10 முறை. வலி தணிந்ததும் மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, மறு கையைச் சிறு தட்டு அளவு வட்டத்தில் ஊசலாட விடுதல். சுவரில் கையை வைத்து அசையாமல் லேசாக அழுத்துதல். முழு பலத்தில் கால்வாசி போதும்.

3 முதல் 6 வாரம்: படுத்தபடி இரண்டு கையாலும் குச்சியைப் பிடித்து, நல்ல கை தூக்க மறு கை பின்தொடரும். வெளிப்பக்கத் திருப்பம் முழங்கை உடலோடு ஒட்டியபடி 30, 40 டிகிரியோடு நிற்கட்டும். இங்கே அவசரப்பட்டால், கிழிந்த வளையம் ஒட்ட முயலும் இடத்திலேயே மறுபடி இழுபடும்.

6 முதல் 12 வாரம்தான் உழைப்பு. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே மடித்த துண்டு. ரப்பர் பட்டையை உள்ளும் வெளியும் இழுத்தல், திரும்பும்போது 3 நொடி எடுத்து மெதுவாக. 10 முதல் 15 முறை வீதம் 3 சுற்று, வாரத்தில் 3 நாள். தண்டால் முதலில் சுவரில், பிறகு முழங்கால் ஊன்றி. ஜிம்முக்குப் போகும் பையன்கள் கழுத்துக்குப் பின்னால் எடை இறக்குவது, அகலப் பிடியில் பெஞ்ச் பிரஸ், பார் டிப்ஸ் மூன்றையும் மறந்துவிட வேண்டும்.

12 வாரத்துக்குப் பிறகு எறிதல், பாய்தல், விழுந்து எழுதல். வீட்டில் பலர் நிறுத்திவிடுவது 5-ஆம் வாரம், வலி போனவுடன். தசை அப்போது பாதிகூடத் தேறியிருக்காது.

அறுவை வேண்டுமா

இந்தக் கேள்வியில் பெற்றோரிடம் உண்மையை மறைக்கக் கூடாது. பருவ வயதில் ஒரு முறை விலகிய தோள் மறுபடி விலகும் வாய்ப்பு மிக அதிகம்: மோதி ஆடும் விளையாட்டுக்குத் திரும்பும் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளில், அறுவை இல்லாமல், 10-ல் 7 பேர் அல்லது அதற்கும் மேல். பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள். 13 வயதுக்குக் கீழே இது வெகுவாகக் குறைவு. அங்கே காத்திருப்பதே சரி.

மருத்துவர்கள் பயன்படுத்தும் 10 புள்ளிக் கணக்கு ஒன்று உண்டு. வயது 20 அல்லது கீழே என்றால் 2. போட்டி அளவில் ஆடினால் 2. மோதும் ஆட்டமோ, தலைக்கு மேல் கையை வீசும் ஆட்டமோ என்றால் 1. மூட்டுகள் இயல்பிலேயே தளர்வானால் 1. எக்ஸ்ரேயில் மேற்கைத் தலையின் பள்ளம் தெரிந்தால் 2. கிண்ண விளிம்பு தேய்ந்திருந்தால் 2. மாவட்ட அணிக்குக் கபடி ஆடும் 16 வயதுப் பையன் எக்ஸ்ரேயைப் பார்க்கும் முன்பே 5 புள்ளியில் நிற்கிறான்! 6-ஐத் தாண்டினால் வெறும் வளையத் தையல் நிற்பது சந்தேகம். தோள்பட்டை எலும்பின் முன்பக்கம் கொக்கி போல நீண்டிருக்கும் முனையை எடுத்துக் கிண்ண விளிம்பில் பொருத்தும், 1954-ல் லடார்ஜே விவரித்த அறுவையைப் பற்றிப் பேசுவார்கள்.

வழக்கமான பாங்கார்ட் அறுவை நுண்துளை வழியே நடக்கிறது. பிய்ந்த வளையத்தைச் சிறு ஆணிகளும் நூலும் கொண்டு கிண்ணத்தோடு தைப்பார்கள். பிறகு 4 முதல் 6 வாரம் ஸ்லிங். மோதும் ஆட்டத்துக்குச் சுமார் 6 மாதம். அறுவைக்குப் பிறகும் மறுபடி விலகுவது உண்டு, அதுவும் பெரியவர்களைவிடப் பருவ வயதினரிடம் கூடுதல். ஆண்டுத் தேர்வையும் ஆட்டக் காலத்தையும் வைத்து நாள் குறிப்பதில் தவறில்லை. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு விலகலும் கிண்ண விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும் என்பதையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

அடிபடாமலே நழுவும் தோள்

சில பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, அடி எதுவும் படாமல் தோள் நழுவி நழுவி உள்ளே போகும். கட்டைவிரல் முன்கையைத் தொடும், சுண்டுவிரல் 90 டிகிரிக்கு மேல் பின்னால் வளையும், முழங்கையும் முழங்காலும் எதிர்ப்பக்கம் வளையும், முழங்கால் மடக்காமல் குனிந்தால் உள்ளங்கை தரையில் பதியும். இப்படி, இரண்டு பக்கமும் சேர்த்து, 9 புள்ளிக்குப் பார்ப்பார்கள். வளரும் பிள்ளைக்கு 6-ம் அதற்கு மேலும் வந்தால் மூட்டுத் தளர்வு. இங்கே அறுவை பெரும்பாலும் உதவாது. குறைந்தது 6 மாதம் தொடரும் தசைப் பயிற்சிதான் சிகிச்சை. வகுப்பில் தோளைக் கழற்றிக் காட்டி வேடிக்கை செய்யும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தச் செய்யுங்கள், திட்டாமல். ஒவ்வொரு முறையும் உறை இன்னும் தளர்கிறது, எந்தத் தசை எப்போது இறுக வேண்டும் என்ற பழக்கமும் கெடுகிறது.

மறுபடி களமிறங்க

அறுவை இல்லாமல் தேறியவருக்கும் பொதுவாக 3 முதல் 4 மாதம். நாட்காட்டியை மட்டும் பார்த்து அனுமதி கொடுக்கக் கூடாது. இரண்டு கைகளும் எல்லாத் திசையிலும் ஒரே அளவு அசைய வேண்டும். அடிபட்ட கையின் வலிமை, மறு கையின் வலிமையில் குறைந்தது 90 சதவீதம் இருக்க வேண்டும். எறியும் நிலைக்குக் கையைக் கொண்டுபோகும்போது “கழன்றுவிடும்” என்ற பயம் முகத்தில் தெரியக் கூடாது. இந்தப் பயம் வலியைவிட நம்பகமான அறிகுறி. பயிற்சியில் முழு வேகத்தில் இரண்டு வாரமாவது ஆடிய பிறகே போட்டி. ‘நாளைக்கு ஃபைனல்’ என்று பயிற்சியாளர் கேட்டாலும் பதில் அதேதான்.

நீச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கையைத் தலைக்கு மேல் வீசும் ஒவ்வொரு வீச்சும் தோளை அந்த ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோகிறது. தரையில் தோள் விலகினால் உட்கார்ந்துகொள்ளலாம். கிணற்றின் நடுவில் விலகினால் ஒரு கையால் மிதக்க முடியாது. ஒரு முறை விலகிய தோளோடு இருக்கும் பிள்ளை, மருத்துவர் அனுமதித்த பிறகும், கிணற்றிலோ ஆற்றிலோ தனியாக இறங்கக் கூடாது. கூட இறங்குபவருக்கு அந்தத் தோளைப் பற்றி முன்பே தெரிந்திருக்க வேண்டும்.